கஞ்சாவை எத்தனை நாள் நிறுத்தினால் உடம்பு பழைய நிலைக்கு வரும்?

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். வயது 26. நான்கு வருடமாகத் தினமும் ராத்திரி கஞ்சா. ஆரம்பத்தில் ஒரு ஜாயின்ட்டில் கிடைத்தது இப்போது மூன்று அடித்தாலும் கிடைப்பதில்லை. கொஞ்ச நாள் நிறுத்திவிட்டுத் திரும்ப ஆரம்பித்தால் பழையபடி ஏறும் என்கிறார்கள். இரண்டு நாள் போதும் என்கிறார் ஒரு நண்பர், 21 நாள் வேண்டும் என்கிறார் இன்னொருவர். எது சரி? இதோடு கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள்: "போன மாசம் ஊருக்குப் போனப்ப நாலு நாள் இல்லாம இருந்தேன். தூக்கமே வரல, அம்மாகிட்ட காரணமே இல்லாம எரிஞ்சு விழுந்தேன்." எத்தனை நாள் என்பது கேள்வியின் ஒரு பாதி. அந்த நான்கு நாள் ஏன் அப்படி இருந்தது என்பது மறுபாதி. எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது. ஆனாலும் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

நான் மனநல மருத்துவர். பல வருடமாக என் வேலை பெரும்பாலும் போதைப் பழக்கத்தோடு வருகிறவர்களிடம்தான். "அதெல்லாம் கெட்டது, விட்டுடுங்க" என்று ஒரே வரியில் முடித்தால் நீங்கள் மருத்துவர்களிடம் கேட்பதையே நிறுத்திவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் நேராகவே பேசலாம்.

கஞ்சாவில் போதை தருவது டி.எச்.சி. என்ற பொருள். மூளையின் நரம்புச் செல்களில் சி.பி.1 என்ற ஏற்பிகள் இருக்கின்றன. நம் மூளை தானே தயாரிக்கும் சில பொருட்கள் மிகக் குறைந்த அளவில், தேவையான இடத்தில் மட்டும் வந்து ஒட்டிக்கொண்டு உடனே சிதைந்துபோவதற்காக இருப்பவை அவை. டி.எச்.சி. அந்த அடக்கத்தோடு வருவதில்லை. மூளை முழுவதும் பரவி மணிக்கணக்கில் அதே ஏற்பிகளைத் தூண்டிக்கொண்டே இருக்கும். தினமும் இப்படி நடந்தால் செல் தன்னைக் காத்துக்கொள்ள இரண்டு வேலை செய்கிறது. மேற்பரப்பில் இருக்கும் ஏற்பிகளில் ஒரு பகுதியை உள்ளே இழுத்துக்கொள்கிறது. மிச்சம் இருப்பவை தூண்டப்பட்டாலும் முன்போல் வேலை செய்வதில்லை. முன்பு ஏறிய அளவு இப்போது ஏறாமல் போவதை டாலரன்ஸ் என்பார்கள். அதில் பெரும்பங்கு இதுதான். ஏற்பிகள் செத்துப்போவதில்லை, ஒதுங்கிக்கொள்கின்றன. அதனால்தான் நிறுத்தினால் திரும்பி வர முடிகிறது.

எத்தனை நாளில் திரும்புகின்றன என்பதை மனித மூளையில் நேரடியாக அளந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் நடந்து 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், தினமும் கஞ்சா புகைக்கும் 30 பேருக்கு, மூளையில் உள்ள ஏற்பிகளை அளக்கும் பெட் (PET) ஸ்கேன் எடுத்தார்கள். புகைக்காதவர்களோடு ஒப்பிட்டால் மூளையின் மேலடுக்கில் சி.பி.1 ஏற்பிகள் சுமார் 20 சதவீதம் குறைவாக இருந்தன. ஆய்வு மையத்திலேயே தங்கவைத்து, ஏறத்தாழ நான்கு வாரம் கஞ்சா இல்லாமல் இருந்த பிறகு ஒரு பகுதியினருக்கு மறுபடி ஸ்கேன் எடுத்தபோது, நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் தவிர மற்ற இடங்களில் எண்ணிக்கை இயல்பு நிலைக்கு வந்திருந்தது. பிறகு 2016-இல் யேல் பல்கலைக்கழகத்தில் கஞ்சாவுக்கு அடிமையான 11 ஆண்களிடம் பார்த்தார்கள். இரண்டே நாள் நிறுத்தியதில் மற்றவர்களுக்கும் இவர்களுக்குமான வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது. உங்கள் நண்பர் சொல்லும் இரண்டு நாள் இங்கிருந்து கிளம்பி இணையம் முழுக்கச் சுற்றியதாகத்தான் இருக்க வேண்டும். 21 நாள் என்பதற்கும் ஓர் ஊர் உண்டு. அமெரிக்காவின் வெர்மாண்ட் பல்கலைக்கழகம் மாணவர்களுக்காக வெளியிட்ட ஒரு வழிகாட்டி அந்தக் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கிறது. மூன்று வாரம் என்பது நியாயமான அளவு, மந்திர எண் இல்லை.

இதில் உறுதியானது எது, ஊகம் எது என்று பிரித்துவிடுகிறேன். கஞ்சா டாலரன்ஸ் திரும்பக்கூடியது, நான்கு வாரத்தில் ஏற்பிகள் பெரும்பாலும் மீண்டுவிடும் என்பது உறுதி. மீட்பு முதல் சில நாட்களிலேயே தொடங்கிவிடுகிறது என்பதற்கும் நல்ல ஆதாரம் இருக்கிறது. ஆனால் 11 பேரை வைத்து "இரண்டு நாளில் எல்லாம் சரி" என்று யாரும் முடிவு கட்டக் கூடாது. அதைவிட முக்கியமான விஷயம், இந்த ஆய்வுகள் அளந்தது ஏற்பிகளை. திரும்ப அடிக்கும்போது எவ்வளவு ஏறுகிறது என்பதை அல்ல. ஏற்பி திரும்பினால் போதையும் அதே அளவு திரும்பும் என்பது நல்ல ஊகம், அவ்வளவுதான். ஒரு எண்ணைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் நான்கு வாரம் என்பேன். அதற்கான காரணம் ஏற்பிகள் மட்டும் இல்லை, தூக்கமும்தான். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

"முன்பு ஒன்று, இப்போது மூன்று" என்ற உங்கள் கணக்கிலேயே எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. 2018 அக்டோபரில் கனடாவில் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கியதிலிருந்து அங்கே பாக்கெட்டில் டி.எச்.சி. எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். நம் ஊரில் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று விற்கிறவனுக்கே தெரியாது. ஒரு தடவை பூ அதிகம், ஒரு தடவை காய்ந்த இலையும் விதையும் காம்பும். அதனால் மூன்று ஜாயின்ட் என்பதில் டாலரன்ஸ் எவ்வளவு, சரக்கின் தரம் எவ்வளவு என்று பிரிக்க வழியே இல்லை. இன்னொன்றும் உண்டு. ஆரம்பத்தில் நண்பர்களோடு மொட்டை மாடியில் சிரித்துப் பேசிக்கொண்டு அடித்திருப்பீர்கள். இப்போது ராத்திரி பத்து மணிக்கு அறைக் கதவைச் சாத்திவிட்டு போனைப் பார்த்துக்கொண்டு தனியாக அடிக்கிறீர்கள் என்றால், காணாமல் போனதில் ஒரு பங்கு அந்த மாடியும் அந்தச் சிரிப்பும். ஏற்பிகள் திரும்பி வந்தாலும் அது திரும்பாது. இடைவெளி விட்டுவிட்டு வந்து "பழைய மாதிரி இல்லையே" என்று ஏமாந்துபோகிறவர்களில் பலருக்கு நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

சரி, அந்த நான்கு நாளுக்கு வருவோம். கஞ்சாவை நிறுத்தினால் ஒன்றும் ஆகாது, அது அடிமையாக்காது என்று ரொம்ப காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது தவறு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூலில் 2013-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து கஞ்சா நிறுத்தக் குறிகள், அதாவது நிறுத்தியதும் வரும் தொந்தரவுகள், தனி நோய்நிலையாகவே இடம்பெற்றிருக்கின்றன. எரிச்சல், கோபம், பதற்றம், தூக்கமின்மை, பசியின்மை, இருப்புக் கொள்ளாமை, மனச்சோர்வு, கூடவே தலைவலி, வயிற்றுவலி, வியர்வை, நடுக்கம். தொடர்ந்து பயன்படுத்துகிறவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இது வரும் என்று 2020-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு சொல்கிறது. நிறுத்திய முதல் மூன்று நாளுக்குள் ஆரம்பிக்கும். முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போகும். பெரும்பாலான தொந்தரவுகள் இரண்டு வாரத்தில் அடங்கும். தூக்கம் மட்டும் சரியாக ஒரு மாதம்கூட ஆகலாம்.

இந்தக் கணக்கை உங்கள் ஊர்ப் பயணத்தின் மேல் வைத்துப் பாருங்கள். நிறுத்தியதில் மிக மோசமான நான்கு நாட்களை மட்டும் அனுபவித்துவிட்டு, அது தணிவதற்கு முன்பே திரும்பி வந்து பற்றவைத்திருக்கிறீர்கள். பற்றவைத்த பத்தாவது நிமிடம் எல்லாம் அமைதியாகியிருக்கும். அந்த இடத்தில்தான் மனம் தவறான பாடத்தைப் படிக்கிறது. "நான் இயல்பிலேயே கோபக்காரன், எனக்குத் தூக்கம் வராது, கஞ்சாதான் என்னைச் சமாளிக்கிறது" என்று. அம்மா தோசையை வைத்துவிட்டு "ஏன்டா ஒண்ணோட நிறுத்திட்ட?" என்று கேட்டதற்கு நீங்கள் கத்தினீர்கள் என்றால், பசியின்மையும் எரிச்சலும் கஞ்சா இல்லாததால் வந்தவை. இல்லாததால் வரும் தொந்தரவைக் கஞ்சா தீர்த்துவைப்பதை, கஞ்சா உங்களைக் குணப்படுத்துவதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என்னிடம் வருகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது வேறு எதுவும் இல்லை, இதுதான்.

கனவுகளைப் பற்றியும் சொல்லிவைக்கிறேன், தெரியாமல் பயந்துவிடுவார்கள். தினசரி கஞ்சா கனவு வரும் தூக்கத்தை அமுக்கி வைக்கிறது. நிறுத்தியதும் அது ஒரே பாய்ச்சலாகத் திரும்புகிறது. முதல் இரண்டு மூன்று வாரம் கனவுகள் அச்சு அசல் நிஜம் மாதிரி வரும், சில நேரம் கொடூரமாகவும் இருக்கும், விடியற்காலையில் பனியன் நனைந்து எழுந்திருப்பீர்கள். புத்தி பேதலிக்கிறதோ என்று கேட்டவர்கள் உண்டு. இல்லை, தூக்கம் தன் பாக்கியை வசூலிக்கிறது. தானாகக் குறையும்.

நீங்கள் சொல்லாத ஒன்றைக் கேட்கிறேன். சிகரெட்டைக் காலி செய்து, அந்தப் புகையிலையோடு கலந்து அடைத்து அடிக்கிறீர்களா? நம் ஊரில் பெரும்பாலும் அப்படித்தான். அப்படியென்றால் ஊரில் இருந்த நான்கு நாளும் நீங்கள் இரண்டு பொருளை ஒன்றாக நிறுத்தியிருக்கிறீர்கள். நிக்கோடின் இல்லாத எரிச்சலும் தூக்கமின்மையும் கஞ்சா இல்லாததைப் போலவே இருக்கும். ஒரு வித்தியாசம் உண்டு: நிக்கோடினை நிறுத்தினால் பசி கூடும், கஞ்சாவை நிறுத்தினால் பசி போகும். கஞ்சா இடைவெளி விடுகிறவர்கள் பலர் அந்த ஒரு மாதத்தில் சிகரெட்டை இரட்டிப்பாக்கிக்கொள்கிறார்கள். மாதக் கடைசியில் கஞ்சா டாலரன்ஸ் குறைந்திருக்கும், கையில் புதிதாக ஒரு பாக்கெட் சிகரெட் பழக்கம் இருக்கும். இது நல்ல பண்டமாற்று இல்லை. புகையிலை உங்கள் கணக்கில் இருந்தால் அதற்குத் தனியாகத் திட்டம் போடுங்கள், நிக்கோடின் சூயிங்கம் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

இதோடு காபிக்கும் தொடர்பு உண்டு, பலர் கவனிப்பதில்லை. புகை, அது புகையிலையானாலும் கஞ்சாவானாலும், கல்லீரலில் ஒரு நொதியை வேகப்படுத்துகிறது. காபியில் உள்ள கஃபீனைச் சிதைப்பதும் அதே நொதிதான். புகை நின்றதும் நொதி மெதுவாகிவிடும். வழக்கமாகக் குடிக்கும் அதே சாயங்காலக் காபி இப்போது ராத்திரி வரைக்கும் உடம்பில் நிற்கும். ஏற்கெனவே தூக்கம் வராத நாட்களில் இது சும்மா இருக்குமா? காபியைப் பாதியாக்கி, மதியத்தோடு நிறுத்திவிடுங்கள். குளோசபின், ஒலன்சபின் போன்ற மனநல மாத்திரைகளையும் அதே நொதி சிதைப்பதால், அவற்றைச் சாப்பிடுகிறவர்கள் திடீரென்று புகையை நிறுத்தினால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும். மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

எலுமிச்சைச் சாறு, வினிகர், வியர்க்க வியர்க்க ஓடுவது, இணையத்தில் விற்கும் "டீடாக்ஸ்" பானங்கள் எதுவும் இதைச் சீக்கிரப்படுத்தாது. டி.எச்.சி. கொழுப்பில் கரையும் பொருள். உடம்பின் கொழுப்பில் தங்கி மெதுவாகத்தான் வெளியேறும். தினமும் அடிப்பவர்களுக்கு நிறுத்தி ஒரு மாதத்துக்குப் பிறகும் சிறுநீர்ப் பரிசோதனையில் தெரியலாம். இதை டாலரன்ஸோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சிறுநீரில் இருப்பது பழைய டி.எச்.சி. சிதைந்த மிச்சம், அதற்குள் மூளையின் ஏற்பிகள் பெரும்பாலும் மீண்டிருக்கும்.

செய்யும் விதத்தில் நான் அழுத்திச் சொல்வது கொஞ்சம்தான். அறையில் எதுவும் இருக்கக் கூடாது. "முடிஞ்சதும் அடிக்கலாம்" என்று ஒரு பொட்டலத்தைப் பத்திரமாக வைத்துவிட்டு ஆரம்பிக்கிறவர்கள் ஐந்தாம் நாளைத் தாண்டுவது அபூர்வம். வழக்கமாக அடிக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்கு வேறு வேலை வையுங்கள், அறைக்கு வெளியே. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள். முதல் வாரம் தட்டு நிறையச் சாப்பிட முடியாது, கஞ்சியோ மோர் சாதமோ இட்லியோ கொஞ்சம் கொஞ்சமாகப் போதும். வீட்டில் யாராவது ஒருவரிடமாவது, அல்லது உடன் தங்கியிருக்கும் நண்பரிடம், "பத்து நாளைக்கு நான் சிடுசிடுன்னு இருப்பேன், மனசுல வச்சுக்காதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்புறம், தூக்கத்துக்காகக் குடிக்காதீர்கள். நண்பர் யாராவது "ஒரு மாத்திரை போடு, நல்லா தூங்கலாம்" என்று நீட்டினால் வாங்காதீர்கள். தெருவில் கைமாறும் தூக்க மாத்திரைகளும் வலி மாத்திரைகளும் கஞ்சாவைவிடப் பல மடங்கு ஆபத்தானவை. அளவு மீறினால் மூச்சே நின்றுவிடும்.

கஞ்சா நிறுத்தக் குறிகள் உயிருக்கு ஆபத்தானவை அல்ல. ஆனால் சிலர் இதைத் தனியாகச் செய்யக் கூடாது. தினமும் மதுவும் குடிக்கிறவர்கள் இரண்டையும் ஒரே நாளில் நிறுத்தினால் மது இல்லாததால் வலிப்பு வரலாம். முன்பு மனச்சிதைவோ இருமுனைக் கோளாறோ இருந்தவர்கள், யாரும் இல்லாதபோது குரல் கேட்கிறவர்கள், எல்லாரும் தன்னைக் கவனிக்கிறார்கள் என்று தோன்றுகிறவர்கள், செத்துவிடலாம் என்ற எண்ணம் வருகிறவர்கள் நேராக மருத்துவரிடம் போக வேண்டும். அடிக்கடி நிற்காத வாந்தி வந்து, சுடுதண்ணீரில் குளித்தால் மட்டும் அடங்குகிறது என்றால் அது நீண்டகாலக் கஞ்சாவால் வரும் தனி நோய். அதற்கு இடைவெளி விட்டுப் பயனில்லை, முழுவதும் நிறுத்தினால்தான் தீரும்.

இடைவெளி முடிந்து திரும்பும் முதல் ராத்திரி பற்றி யாரும் பேசுவதில்லை. உங்கள் கை பழைய அளவுக்குப் பழகியிருக்கும், மூளை பழகியிருக்காது. அதே மூன்றை அடித்துவிட்டு நெஞ்சு படபடத்து, செத்துவிடுவேன் என்று நள்ளிரவில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடி வருகிறவர்கள் இப்படிப்பட்டவர்கள்தான். இதய நோய் உள்ளவர்களுக்கு இது வெறும் பயம் மட்டும் இல்லை, அடித்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் கூடும். திரும்பப் போவது என்று முடிவு செய்துவிட்டால், ஓர் இழுப்போடு நிறுத்தி இருபது நிமிடமாவது பொறுங்கள், வண்டிச் சாவியைத் தொடாதீர்கள். பாங்கு லட்டு மாதிரி சாப்பிடுகிற வகை இன்னும் மோசம். ஏற ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும் என்பது தெரியாமல் இரண்டாவதையும் தின்றுவிடுவார்கள்.

நான்கு வாரம் கஷ்டப்பட்டுத் திரும்பப் பெற்றதை எத்தனை நாள் வைத்துக்கொள்ள முடியும்? மறுபடி தினமும் என்றால், சீக்கிரமே போய்விடும். 1970-களில் ஆய்வகத்தில் தங்கவைத்து அதிக அளவு டி.எச்.சி. கொடுத்துப் பார்த்தபோது சில நாட்களிலேயே டாலரன்ஸ் வந்துவிட்டது. எத்தனை நாள் நிறுத்துகிறீர்கள் என்பதைவிட, அதற்குப் பிறகு வாரத்தில் எத்தனை நாள் என்பதுதான் டாலரன்ஸைத் தீர்மானிக்கும். ஒரு மாத இடைவெளி, பதினொரு மாதம் தினமும் என்பது எதையும் சரிசெய்யாத ஏற்பாடு. அதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

என் அபிப்பிராயத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். டாலரன்ஸ், நிறுத்தினால் வரும் தொந்தரவு ஆகிய இரண்டும் கஞ்சாப் பயன்பாட்டுக் கோளாறைக் கண்டறியும் 11 அளவுகோல்களில் அடங்கும். ஒரு வருடத்துக்குள் இரண்டு இருந்தாலே லேசான அளவு என்று எடுத்துக்கொள்கிறோம். நான்கு வரி படித்துவிட்டு உங்களுக்கு இது இருக்கிறது என்று நான் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அது. குடும்பத்தில் அப்பா, அம்மா, உடன்பிறந்தவர் யாருக்காவது மனச்சிதைவு இருந்தால் என் பதில் இன்னும் கறாராக இருக்கும்: இடைவெளி வேண்டாம், மொத்தமாக நிறுத்துங்கள். ஐரோப்பாவிலும் பிரேசிலிலுமாக 11 இடங்களில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், தினமும் அடிப்பவர்களுக்கு மனச்சிதைவு மாதிரியான நோய் வரும் வாய்ப்பு அடிக்காதவர்களைவிட சுமார் மூன்று மடங்கு. வீரியம் கூடிய வகையைத் தினமும் அடிப்பவர்களுக்குக் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. கஞ்சாதான் அத்தனைக்கும் காரணமா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. குடும்பத்தில் நோய் இருப்பவர்கள் விவாதம் முடியக் காத்திருக்கத் தேவையில்லை.

அதனால் நான்கு வாரம் நிறுத்துங்கள், ஆனால் டாலரன்ஸுக்காக மட்டும் நிறுத்தாதீர்கள். பத்தாம் நாளுக்குப் பிறகு என்ன தெரிகிறது என்று பாருங்கள். தூக்கமும் மனசும் மெல்ல நேராகின்றனவா, அல்லது தொந்தரவு அடங்கிய பிறகும் பதற்றமோ சோர்வோ அப்படியே நிற்கிறதா? நின்றால், கஞ்சாவுக்கு முன்பே இருந்த ஒன்றைத்தான் நீங்கள் இத்தனை வருடம் புகையால் மூடிவைத்திருக்கிறீர்கள். அதற்குச் சிகிச்சை இருக்கிறது. நான்கு வாரத்தை முயன்றும் முதல் வாரத்தையே தாண்ட முடியவில்லை என்றாலும் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, உதவியோடு செய்ய வேண்டிய வேலை என்று மட்டும் அர்த்தம்.

போலீஸ் பயத்தில்தான் பலர் வருவதில்லை. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் கஞ்சா பயன்படுத்துவதே குற்றம்தான், ஆறு மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு. ஆனால் தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுக்கும் அடிமைக்கு வழக்கிலிருந்து பாதுகாப்புத் தரும் 64ஏ பிரிவும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. மருத்துவரிடம் நீங்கள் சொல்வது ரகசியம் என்பதற்கு 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் துணை நிற்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். போதைப் பழக்கத்துக்கென்றே 14446 என்ற எண்ணும் இருக்கிறது. அரசு மருத்துவமனை என்றால் மனநலப் புறநோயாளிகள் பிரிவில் சீட்டு வாங்கிக்கொண்டு போங்கள். உள்ளே போய் எப்படி ஆரம்பிப்பது என்று யோசிக்க வேண்டாம். "தினமும் கஞ்சா, நாலு வருஷம், நிறுத்தினா தூக்கம் வரல." இவ்வளவு சொன்னால் போதும், மீதியைக் கேட்பது எங்கள் வேலை.